ஜொகூர்த் தோட்டமும் வரலாற்றுப் படிநிலைகளும்

தமிழில் மார்க்சியத் திறனாய்வுக்கு வழிவகுத்தவர்களுள் ஒருவரான க. கைலாசபதி 1933-இல் கோலாலம்பூரிற் பிறந்தவர். நிலமானிய அமைப்புச் சிதைந்து, முதலாளித்துவம் தோன்றி, தனிமனிதன் தலையெடுத்த காலத்து வடிவமே நாவல் என்பது, 1968-இல் வெளிவந்த அவரது 'தமிழ் நாவல் இலக்கியம்' என்னும் நூலின் அடிப்படை வாதமாகும். வெங்கட் சாமிநாதன் அந்நூலைக் கடுமையாகச் சாடினார், எம். ஏ. நுஃமான் அதற்கு மறுமொழி எழுதினார். கலையா கருத்தா என்று அவ்விவாதம் சூடுபிடித்தது. மலேசியத் தமிழருக்கோ அதனினும் அடிப்படையான கேள்வி ஒன்று எஞ்சி நிற்கிறது. ஜொகூரின் ரப்பர்த் தோட்டத்தை அந்தப் படிநிலைகளுள் எதில் வைப்பது?

ரப்பருக்கு முன்னர் ஜொகூரின் ஆற்றங்கரைகளில் சீனக் குடியேறிகள் கம்பிரும் மிளகும் பயிரிட்டனர். சுல்தானிடம் உரிமைப் பத்திரம் பெற்ற 'கங்சு' என்னும் தலைவன் ஒவ்வோர் ஆற்றையும் ஆண்டான். பார்வைக்கு அவன் நிலமானியப் பிரபு. அவனை இயக்கிய பணமோ சிங்கப்பூர் வணிகருடையது. அம்முறை 1917-இல் ஒழிக்கப்பட்டது. அதற்குள், 1909-இல் முற்றுப்பெற்ற இருப்புப்பாதையை ஒட்டி, சிகாமட், லாபிஸ், குளுவாங் வட்டாரங்களில் ரப்பர் பரவத் தொடங்கியிருந்தது.

அங்கே வந்து சேர்ந்தவன் கங்காணி. தன் ஊரிலிருந்து உறவினரையும் சாதியாரையும் அழைத்து வந்து, அவர்கள் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு பெற்றவன் அவன். மாமன் என்றும் அண்ணன் என்றும் அழைக்கப்பட்டவனே கடன் கணக்கையும் கையில் வைத்திருந்தான். இந்த உறவைப் பழைமையின் எச்சம் என்று ஒதுக்கும் திறனாய்வாளர் பெரும்பிழை செய்கின்றனர். இலண்டனில் பங்கு விற்ற கம்பெனிக்கு மலிவான உழைப்பைத் தேடித் தந்த கருவியே அந்த எச்சம்! சஞ்சி முறை 1910-இல் ஒழிந்தபின் கங்காணி முறை வலுத்ததும், 1938-இல் இந்திய அரசு தடைவிதிக்கும்வரை அது நீடித்ததும் தற்செயல் அல்ல.

மார்க்சே இதற்கு வழி காட்டியுள்ளார். 1867-இல் வெளிவந்த 'மூலதனம்' முதல் தொகுதியின் இறுதி அத்தியாயத்தில், பீல் என்ற ஆங்கிலேயரின் கதை வருகிறது. அவர் ஐம்பதினாயிரம் பவுன் பெறுமான பொருள்களோடும் மூவாயிரம் தொழிலாளரோடும் மேற்கு ஆஸ்திரேலியா சென்றார். எங்கும் வெற்று நிலம். எல்லாரும் அவரைவிட்டு அகன்றனர். தண்ணீர் மொண்டுவரவும் ஆளில்லை. மூலதனம் என்பது பொருளன்று, மனித உறவு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? காடு நிறைந்த ஜொகூரில் பீலுக்கு நேர்ந்தது தோட்ட முதலாளிக்கு நேரவில்லை. கடனும் உறவும் லயத்து வீடும் தொழிலாளியைப் பிடித்து வைத்தன. மேலும், தாம் விளக்கிய வரலாற்று நியதி மேற்கு ஐரோப்பாவுக்கே உரியது என 1881-இல் வேரா சசூலிச்சுக்கு எழுதிய கடிதத்தில் மார்க்ஸ் வரையறுத்துவிட்டார். படிநிலை ஏணியைத் தமிழ்க் கதைகளின்மீது சாத்துவோர் அக்கடிதத்தை ஏனோ பொருட்படுத்துவதில்லை.

தோட்டக் கதைகளில் மீண்டும் மீண்டும் வரும் காட்சி ஒன்றுண்டு: தோட்டம் விற்கப்படுகிறது, குடும்பம் லயத்தை விட்டு வெளியேறுகிறது. நம் திறனாய்வு அதனைப் பழைய வாழ்வின்மீது எழும் ஏக்கம் என்று சொல்லி முடித்துக்கொள்கிறது. அரசியல் பொருளாதார நோக்கில் அந்த வீடு கூலியின் ஒரு பகுதி. கையிற் கிடைத்த கூலி குறைவாயிருக்க முடிந்ததே வீடு தோட்டத்துடையதாய் இருந்தமையால்தான். எனவே இரண்டு தலைமுறை உழைத்தவன் வேலை போன அன்றே வீட்டையும் இழக்கிறான். வேறு வீடு வாங்கும் சேமிப்பை அந்தக் கூலி அவனுக்கு ஒருபோதும் தந்ததில்லை.