எலியா உறங்கிய பிறகு

ஓரேபு மலையில் எலியா கேட்ட மெல்லிய ஓசையைப் பற்றிப் பேசாத தியானக் குரு இல்லை. அதற்கு முன் அவர் தூங்கியதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஈசபேலுக்கு அஞ்சி ஓடி, பாலைநிலத்தில் ஒரு சூரைச்செடியின் அடியில் சாவைக் கேட்டுப் படுத்துவிட்ட மனிதர் அவர். வானதூதர் அவரைக் கண்டிக்கவில்லை. தட்டி எழுப்பி, சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். எலியா உண்டுவிட்டு மறுபடி படுத்தார். மறுபடியும் எழுப்பி உண்ணச் சொன்னார் தூதர். பிறகுதான் நாற்பது பகலும் நாற்பது இரவும் நடந்த நடை. அந்த நடையின் முடிவில்தான் குரல். அரசர்கள் முதல் நூலின் 19ஆம் அதிகாரம் காட்டும் இந்த வரிசையை நம் தவக்காலம் மறந்துவிடக் கூடாது என்பதற்காகவே இக்கட்டுரை.

தவக்காலக் கணக்கிலேயே ஓய்வு இருக்கிறது. திருநீற்றுப் புதன் முதல் புனித சனி வரை எண்ணினால் 46 நாள் வரும். ஆறு ஞாயிறுகளைக் கழித்தால்தான் நாற்பது. ஆண்டவருடைய நாளில் நோன்பு இல்லை என்பது தொன்மையான வழக்கு.

ஓய்வையும் சோம்பலையும் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர்களில் புனித பெனடிக்டை முதலில் வைப்பேன். 6ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் அவர் எழுதிய ஒழுங்குநூலின் முதல் சொல்லே செவிகொடுக்கச் சொல்லும் ஏவல். அதன் 48ஆம் அதிகாரம் தவக்காலத்தைப் பற்றி நுணுக்கமாகப் பேசுகிறது. தொடக்கத்திலேயே ஒவ்வொரு துறவிக்கும் நூலகத்திலிருந்து ஒரு நூல் தரப்படும். அதை அங்குமிங்கும் புரட்டாமல் முதலிலிருந்து வரிசையாக வாசிக்க வேண்டும். வாசிப்பு வேளையில் மூத்தவர் ஓரிருவர் மடத்தைச் சுற்றிவந்து, யாரேனும் நூலை வைத்துவிட்டு வம்பு பேசுகிறாரா என்று பார்ப்பார்கள். இதே அதிகாரம்தான் கோடை நண்பகலில் உணவுக்குப் பின் படுக்கையில் இளைப்பாறவும் இடம் தருகிறது. அப்போது வாசிக்க விரும்புபவர் பிறருடைய ஓய்வைக் கெடுக்காமல் வாசிக்க வேண்டும். அடுத்த அதிகாரத்தில் தவக்காலத்துக்காக உணவிலும் உறக்கத்திலும் பேச்சிலும் சிறிது குறைக்கச் சொல்கிறார். ஆனால் மடத்துத் தலைவரின் இசைவில்லாமல் செய்யும் ஒறுத்தலை அவர் வீண்பெருமையின் கணக்கில் எழுதிவிடுகிறார்.

பைசாந்தியத் திருச்சபைகளில் தரையில் விழுந்து வணங்கிச் சொல்லும் தவக்கால மன்றாட்டு ஒன்று புனித எப்ரேமின் பெயரால் வழங்குகிறது. அதில் முதலாவதாக நீக்கும்படி கேட்கப்படுவது சோம்பல். இந்தச் சோம்பல், ஓய்வு மிகுந்துபோன நிலை அல்ல. எகிப்தியப் பாலைநிலத்தில் வாழ்ந்த எவாக்ரியுஸ் அதன் உருவத்தை வரைந்திருக்கிறார்: நண்பகலில் சூரியன் நகராதது போலத் தோன்றும், அறைக்கு வெளியே யாராவது வருகிறார்களா என்று கண் அலையும், வேறெங்கேனும் போய்விடத் துடிக்கும் மனம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கைப்பேசியை எடுத்துப் பார்க்கும் நமக்கு அந்த மனம் அந்நியமானதல்ல. இருப்புக்கொள்ளாமையே சோம்பலின் மெய்யான முகம். இளைப்பாறத் தெரிந்தவரால்தான் ஓரிடத்தில் அமர முடியும்.

புனித இஞ்ஞாசியாரின் வழி வேறு. 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்த அவருடைய ஆன்மீகப் பயிற்சிகள் ஏறத்தாழ முப்பது நாளுக்கானவை. அலுவலை விட்டு வர இயலாதவர்களை அவர் கைவிடவில்லை. நாளுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி, வீட்டில் இருந்தபடியே செய்யலாம் என்று தம் 19ஆம் குறிப்பில் வழி சொன்னார். உறக்கத்தைப் பற்றியும் அவர் எழுதியிருப்பது நம்மில் பலர் அறியாதது. உடலுக்குத் தேவையான உறக்கத்தைக் குறைப்பது தவமாகாது. அளவு மீறி உறங்கும் பழக்கம் உள்ளவரே அதைச் சீர்படுத்த வேண்டும். தியானத்தில் எந்த இடத்தில் மனம் நிறைகிறதோ, அடுத்ததற்கு ஓடாமல் அங்கேயே தங்கச் சொல்கிறார். தவக்காலத்துக்குள் முழு விவிலியத்தையும் முடித்துவிட வேண்டுமென்று அவசரப்படுவோர் இதைக் குறித்துக்கொள்வது நல்லது.

கேட்டது இறைவனின் குரல்தானா? மரபின் தரம் வெளிப்படுவது இந்தக் கேள்வியில்தான். 5ஆம் நூற்றாண்டில் யோவான் கசியான் தம் உரையாடல் நூலில் எண்ணங்களை நாணயங்களுக்கு ஒப்பிட்டார். தங்கம் தங்கம்தானா, பதிந்திருப்பது உண்மையான அரசனின் உருவமா, எடை சரியா என்று காசுக் கடைக்காரர் பார்ப்பது போலப் பார்க்க வேண்டும். அவிலா தெரேசா விளைவைப் பார்த்தார். இறைவனிடமிருந்து வந்த சொல் ஆற்றலோடு வரும், அமைதியை விட்டுச்செல்லும், எளிதில் மறக்காது. இவர்களில் மிகக் கண்டிப்பானவர் சிலுவை யோவான். தந்தை தம் மகனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். இனிப் புதிய குரல்களைத் தேடி அலைவது அவரைப் பார்க்காமல் முகம் திருப்பிக்கொள்வதற்குச் சமம் என்றார். காட்சிகளுக்கும் குரல்களுக்கும் கூட்டம் கூடும் இந்நாளில் இந்தக் கண்டிப்பே நமக்கு முதலில் தேவை என்று கருதுகிறேன்.

அமைதிக்கு நம் மண்ணிலும் வீடுகள் உண்டு. 1921இல் சவரிராயன் ஏசுதாசன், பாரஸ்டர் பேட்டன் என்ற இரு மருத்துவர்கள் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். 1950இல் மோன்ஷனென் அடிகளும், பின்னர் அபிஷிக்தானந்தா என்று அறியப்பட்ட லெ சோ அடிகளும் குளித்தலைக்கு அருகே காவிரிக் கரையில் சாந்திவனத்தை அமைத்தார்கள்.

ஆனால் நம் பங்குகளில் தவக்காலத் தியானம் என்றால் மூன்று மாலை ஒலிபெருக்கி முழக்கம் என்றாகிவிட்டது. சிலுவைப் பாதை, நடைப்பயணம், பாடல் குழுப் பயிற்சி, அன்னதான ஏற்பாடு என ஒவ்வொன்றும் நல்லதே. எல்லாம் சேர்ந்து, மார்ச் மாத வெயிலில், உழைத்துக் களைத்த ஒரு தாய்க்குச் செவிகொடுக்கக் கால் மணி நேரத்தைக்கூட மிச்சம் வைப்பதில்லை.

பங்குப் பேரவையினரிடம் ஒரு வேண்டுகோள். இந்தத் தவக்காலத்தின் வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப் பாதை முடிந்ததும் மைக்கை அணைத்துவிடுங்கள். அறிவிப்புகளை ஞாயிறுக்குத் தள்ளிவையுங்கள். பதினைந்து நிமிடம் கோவில் கதவைத் திறந்தே வைத்து, மக்களைச் சும்மா உட்காரவிடுங்கள். களைப்பில் யாராவது கண்ணயர்ந்தால் எழுப்ப வேண்டாம்.