விட்டிதாண்டுவில் வாழும் திராவிட எண்கள்

மராட்டியச் சிறுவர் ஆடும் விட்டிதாண்டு நம் கிட்டிப்புள்ளேயாகும். அவ்வாட்டத்தில் அவர்கள் வகட், லேண்ட், மூண்ட், நால் என்றொரு வரிசையை வழங்குவர். புள்ளை அடிக்கும் முறைகளின் பெயர்களாகவே அச்சொற்கள் அங்கு நிற்கின்றன. ஏக், தோன், தீன், சார் என எண்ணும் மொழியினர்க்கு அவை எண்களாகத் தோன்றுவதில்லை.

நம் சங்க அன்பர் சிலர் இதனைக் கேட்ட அளவிலே, "மராட்டியத்தில் தமிழ் எண்கள்!" என மகிழ்வர். அம்மகிழ்ச்சி அளவிறந்தது என்பதே என் கருத்து. 'ஒன்று' என்பதிலிருந்து வகட் பிறக்க வழியில்லை. தெலுங்கு 'ஒகடி'யோ, முன்னே வகரவொலி தோன்ற 'வொகடி' எனவும் ஒலிக்கும். வகட் அதனருகில் நிற்கிறது. லேண்ட் என்பதற்கு 'ரெண்டு' அணித்து. கன்னட 'எரடு' சேய்த்து. மூண்ட் என்பதன் மூக்கொலியைக் கொண்டு தமிழ் 'மூன்று' என வாதிப்பாரும் உளர். பழந்தெலுங்கில் அது 'மூண்டு' என்றே வழங்கியதை அவர் நோக்குவதில்லை. விதர்ப்பத்தில் வாழும் கோண்டியிலும் ரண்ட், மூண்ட் உண்டு. எனினும் வகட் ஒன்றே தெலுங்கின் பக்கம் தராசைச் சாய்க்கிறது. உறவினர் வீட்டுப் பொருளை நம் வீட்டுப் பொருள் என்று பதிவேட்டில் ஏற்றலாமோ?

இத்தகைய ஆர்வம் நமக்கு மட்டும் உரியதன்று. வட இங்கிலாந்தில் ஆடு எண்ணவும் பிள்ளைகளின் விளையாட்டிலும் 'யான், தான், தெதெரா' என்றொரு வரிசை வழங்கியது. அதில் ஐந்தைக் குறிக்கும் 'பிம்ப்' வேல்சு மொழியின் ஐந்தை ஒத்திருப்பதால், பண்டைப் பிரித்தானியர் விட்டுச் சென்ற எச்சம் அது என்றனர் சிலர். இடைக்காலத்திற்குப் பின் வேல்சு நாட்டிலிருந்து வந்திருக்கலாம் என்றனர் வேறு சிலர். 1888இல் பலமொழி எண்ணுப் பாடல்களைத் தொகுத்து நூலாக்கிய போல்டன், ஆளைக் கழிக்கும் பாடல்கள் பண்டைத் திருவுளச் சீட்டு வழக்கத்தின் எச்சம் என்றார். தொகுப்பு அரியது, முடிபு நம்புதற்கு அரியது. விளையாட்டில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் தேவை எக்காலத்தும் உண்டு. அதற்குப் பூசாரி வேண்டியதில்லை.

மராட்டிய வரிசைக்கே மீள்வோம். நான்கிற்கு மேல் அது ஊர்தோறும் வேறுபடுகிறது. ஒரு வழக்கில் நாலை அடுத்து 'ஆர்' வருகிறது. அது ஆறாயின் ஐந்து எங்கே போயிற்று? புணே, நாகபுரி, சோலாப்பூர் அன்பர்கள் தத்தம் அண்டைவீட்டு முதியோரைக் கேட்டு, அவர் சொன்னதைச் சொன்னபடியே, தமிழாகத் திருத்தாமல், எழுதி வைப்பாராக.