மாற்றி எழுதப்பட்ட மாவீரம்

1942இல் நாசிப் படை கிராசுனோதான் எனும் சுரங்க நகரைப் பிடித்தது. பதினாறு வயது ஒலெக் கொசெவோயும் தோழர்களும் அஞ்சி ஒடுங்கினரா? இல்லை! துண்டறிக்கை பரப்பினர், இளைஞரைச் செருமனிக்கு அடிமை உழைப்புக்கு அனுப்பும் அலுவலகத்தைத் தீக்கிரையாக்கினர். 1943 சனவரியில் அவர்களுட் பலர் சுரங்கக் குழியில் வீசப்பட்டனர்.

அந்த வீரத்தை அலெக்சாந்தர் ஃபதேயெவ் ‘இளங்காவலர்’ எனும் புதினமாக்கினார். 1946இல் ஸ்டாலின் பரிசு. மறு ஆண்டே கண்டனம்! கட்சியின் வழிகாட்டல் போதவில்லையாம். 1951இல் திருத்திய பதிப்பு வந்தது, மூத்தோர் முன்னிறுத்தப்பட்டனர்.

மூத்தோர்க்கும் போரில் பங்குண்டு, மறுப்பாரில்லை. ஆயினும், மேலிடத்தின் ஆணைக்கு எழுதுகோல் வளைந்தால் எஞ்சுவது கலையன்று, புராணம்! தாமே சிந்தித்தவர், தாமே துணிந்தவர் அச்சிறார். அந்த உரிமையைப் பறிப்பது இரண்டாம் கொலை. தோழர்களே, இரு பதிப்பையும் ஒப்பிடுங்கள், பகுத்தறிவே தீர்ப்பளிக்கட்டும்!