மிதக்கும் ஈயும் மூழ்கும் ஈயும்: ஹால்ஃபோர்டையும் ஸ்கியூஸையும் சேர்த்துப் படித்தபோது

ஒரு மீனை எந்த மாதிரித் தூண்டிலில் பிடிக்கலாம், எந்த மாதிரியில் பிடிக்கக் கூடாது என்று படித்த, வசதியான மனிதர்கள் அரை நூற்றாண்டு சண்டை போட்டார்கள் என்றால் யாருக்கும் சிரிப்புதான் வரும். எனக்கும் வந்தது. ஆனால் அந்தச் சண்டையின் மூல நூல்களை வரிசையாகப் படித்து முடித்தபோது சிரிப்பு போய்விட்டது. மீன் அதில் ஒரு சாக்குதான். கண்ணால் பார்த்த ஒன்றை ஒரு மனிதன் எப்படி ஒதுக்கி வைக்கிறான் என்பதுதான் உள்ளே இருக்கும் விஷயம்.

முதலில் கொஞ்சம் பின்னணி. 'ஃப்ளை ஃபிஷிங்'கில் புழு கிடையாது, மாவு உருண்டை கிடையாது. சின்ன முள்ளில் இறகு, பட்டு நூல், விலங்கு முடி எல்லாம் சுற்றிப் பூச்சி மாதிரி செய்து வைப்பார்கள். அதற்கு எடையே இல்லை என்பதால் தூண்டில் நூலின் எடையை வைத்துத்தான் வீச வேண்டும். அந்தப் பூச்சி நீர்மேல் மிதந்தால் 'உலர் ஈ', உள்ளே மூழ்கினால் 'ஈர ஈ'.

சண்டை நடந்த இடம் தென் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர். டெஸ்ட், இட்சன் என்று இரண்டு ஆறுகள். இரண்டும் சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து ஊறி வருபவை. அதனால் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், கோடையிலும் குளிர்ச்சி போகாது, வெள்ளமும் அவ்வளவாக வராது. வசந்தம் பிறந்ததும் ஆற்றடியில் வளர்ந்த பூச்சிகள் மேலே வந்து சிறகு விரிக்கும். மார்ச், ஏப்ரலில் ஆலிவ் வகைகள், மே கடைசியில் பெரிய மேஃப்ளை. அதன் இளம்பருவம், அதாவது நிம்ஃப், ஆற்றுச் சேற்றுக்குள் ஏறக்குறைய இரண்டு வருடம் வாழ்கிறது. சிறகு முளைத்த பிறகு அதற்குச் சாப்பிட வாய் கூட ஒழுங்காகக் கிடையாது. சில நாட்களில் ஆயுள் முடிந்துவிடும். அந்தச் சில நாட்களுக்காகத்தான் ட்ரவுட் மீனும் தூண்டில்காரரும் காத்திருக்கிறார்கள்.

ஃபிரெடரிக் ஹால்ஃபோர்ட் 1886இல் மிதக்கும் ஈக்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1889இல் அடுத்தது: உலர் ஈ மீன்பிடிப்பின் கோட்பாடும் நடைமுறையும். அவருடைய முறை சுலபமாகச் சொல்லக்கூடியது. கரையில் நில். மீன் மேலே வந்து பூச்சியை எடுப்பதைப் பார். அது எந்தப் பூச்சி என்று கண்டுபிடி. அதே மாதிரி ஒன்றை மிதக்க விடு. மீன் எழவில்லையா, காத்திரு. படிக்கும்போது இந்த ஒழுங்கின் அழகு நமக்கும் பிடித்துவிடுகிறது. ஆனால் அவர் பேச்சைக் கேட்டு வந்தவர்கள் கையில் இந்த 'முறை', 'சட்டம்' ஆகிவிட்டது. சுண்ணாம்பு ஆறுகளில் மூழ்கும் ஈயைப் போடுபவன் கண்ணியமானவன் இல்லை என்கிற அளவுக்குப் போனது.

அடுத்து வருகிறார் ஜி. இ. எம். ஸ்கியூஸ். தொழிலால் வழக்கறிஞர். 1883இலிருந்து 1938 வரை இட்சன் ஆற்றின் ஒரே பகுதியில் மீன் பிடித்தவர். ட்ரவுட் நீர்மட்டத்துக்குக் கீழேயே எதையோ தின்று கொண்டிருக்கும். அப்போது தண்ணீர் லேசாகப் புடைக்கும், மேலே எதையோ எடுத்த மாதிரியே தெரியும். மிதக்கும் ஈயை எத்தனை தடவை போட்டாலும் திரும்பிக் கூடப் பார்க்காது. ஸ்கியூஸ் பிடித்த மீனின் வயிற்றிலிருந்து, எலும்பு மஜ்ஜை எடுக்கும் ஒல்லிக் கரண்டியால் இரையை வழித்து எடுத்துத் தண்ணீரில் போட்டுப் பார்த்தார். எல்லாம் சிறகு விரியாத நிம்ஃப்கள். அப்படியானால் நிம்ஃப் மாதிரி ஒன்றைக் கட்டி ஏன் மூழ்க விடக் கூடாது? 1910இல் வந்த அவருடைய முதல் நூலின் கேள்வி இதுதான். அதே 1910இல் ஹால்ஃபோர்டும் ஒரு நூல் வெளியிட்டார். அதில் 33 மிதக்கும் ஈக்கள், ஒவ்வொன்றுக்கும் துல்லியமான நிறக் குறிப்பு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒருவர் மேற்பரப்பை மேலும் மேலும் நுணுக்கமாக வரைகிறார், இன்னொருவர் அதற்குக் கீழே எட்டிப் பார்க்கிறார்.

வழக்கமாகச் சொல்லப்படும் கதை இங்கே முடிந்துவிடும். ஹால்ஃபோர்ட் பிடிவாதக்காரர், ஸ்கியூஸ் விஞ்ஞானி, உண்மை வென்றது. எனக்கு இந்தக் கதையில் உடன்பாடு இல்லை. காரணம், ஹால்ஃபோர்டும் மீன் வயிற்றைத் திறந்து பார்த்தவர்தான்! 1889 நூலில் அதற்கென்றே ஒரு அத்தியாயம் இருக்கிறது. நீருக்குள் வாழும் இளம்பருவப் பூச்சிகள் ட்ரவுட்டின் முக்கியமான உணவு என்பது அவருக்கும் தெரியும். ஸ்கியூஸ் பார்த்த அதே சாட்சியம், இருபது வருடம் முன்னாடியே அவர் மேசையில் இருந்திருக்கிறது.

அப்புறம் என்ன ஆச்சு? அவர் கேட்ட கேள்வி வேறு. 'மேலே எழும் மீனை எப்படிப் பிடிப்பது?' என்பது அவர் கேள்வி. வயிற்றில் கிடைத்த நிம்ஃப் அந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது, அதனால் அது ஓரமாக ஒதுங்கிவிட்டது. ஸ்கியூஸ் கேட்டது, 'இந்த மீன் இப்போது என்ன தின்கிறது?' என்று. இந்தக் கேள்விக்கு அதே நிம்ஃப் நேரடியான பதில். ஆதாரம் கையில் இருந்தால் மட்டும் போதாது, அதை உள்ளே விடுகிற மாதிரி ஒரு கேள்வியும் வேண்டும். நான் இந்த நூல்களிலிருந்து எடுத்துக்கொண்டது இதைத்தான்.

ஹால்ஃபோர்ட் தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் விமர்சனம் ஒருதலைப்பட்சமாகிவிடும். விளையாட்டு என்பதே நாமாகப் போட்டுக்கொள்ளும் கட்டுப்பாடுதானே? 'எனக்கு மீன் மேலே வந்து எடுப்பதைப் பார்க்க வேண்டும், அதனால் மிதக்கும் ஈ மட்டும்தான்' என்று ஒருவர் சொன்னால் அதில் தப்பே இல்லை. இன்றைக்கும் அங்கே சில பகுதிகளில் கோடை நடுப்பகுதி வரை உலர் ஈ மட்டுமே என்று விதி வைத்திருக்கிறார்கள். சிக்கல் எங்கே வந்தது என்றால், அந்த ரசனையை மீனின் இயல்பாகவும், மனிதனின் ஒழுக்கமாகவும் மாற்றிப் பேசியபோதுதான். விருப்பத்தை விருப்பம் என்று சொல்லியிருந்தால் சண்டைக்கே இடமில்லை.

ஸ்கியூஸிடமும் எனக்குக் குறை உண்டு. முதல் நூலின் தலைப்பிலேயே தன் முறையைச் 'சிறு உத்திகள்' என்று குறுக்கிக்கொண்டார். உலர் ஈக்கு ஒரு துணை, அவ்வளவுதான் என்று பணிவாக வாதாடுகிறார். எதிர்த்தரப்பைக் கோபப்படுத்தாமல் கேஸை நடத்தும் வக்கீல் புத்தி. மேலோட்டத்தை எதிர்த்து மூழ்கிய ஈயைப் போடுவது ஒன்றும் புதுசு இல்லை. டபிள்யூ. சி. ஸ்டூவர்ட் ஸ்காட்லாந்துப் பக்கத்து ஆறுகளுக்கு 1857லேயே அதை எழுதிவிட்டார். இவ்வளவு பணிந்தும் பயனில்லை. 1938இல், எண்பதை நெருங்கும் வயதில், லண்டன் ஃப்ளைஃபிஷர்ஸ் கிளப்பில் நடந்த விவாதத்தில் தன் முறைக்காக அவர் மறுபடி நிற்க வேண்டியிருந்தது. அந்தப் பருவத்தோடு இட்சனை விட்டும் விலகினார். அதே சமயம், தனியாருக்குச் சொந்தமான அந்தத் தண்ணீரில் யார் யாரெல்லாம் நிற்கலாம் என்ற கேள்வியை இரண்டு பேருமே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இன்றைக்கு இந்த ஆறுகளின் கவலை வேறு. குடிநீருக்காக நிலத்தடி நீரை உறிஞ்சுவது, கழிவுநீர், வயல்களிலிருந்து வரும் வண்டலும் பாஸ்பேட்டும். ட்ரவுட்டுக்கு முன்னால் அடிபடுவது நிம்ஃப்கள்தான். அதனால் பிரிட்டன் முழுக்க தன்னார்வலர்கள், அதில் தூண்டில்காரர்கள் நிறைய, மாதம் ஒரு தடவை ஆற்றில் இறங்குகிறார்கள். மூன்று நிமிடம் காலால் படுகையைக் கிளறி, வலையில் விழும் பூச்சிகளை வெள்ளைத் தட்டில் கொட்டி எட்டு வகையாகப் பிரித்து எண்ணுகிறார்கள். எண்ணிக்கை ஒரு அளவுக்குக் கீழே போனால் அதிகாரிகளுக்குத் தகவல் போகும். மேற்பரப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஆறு சாவதே தெரியாது. கீழே கிடப்பதைத் தட்டில் போட்டுப் பார்க்கலாம் என்று ஒரு வக்கீல் அடம்பிடித்தது வீண் போகவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இரண்டு பேரையும் படிக்க நினைப்பவர்கள் ஹால்ஃபோர்டிலிருந்தே தொடங்குங்கள். அந்த வயிற்று அத்தியாயத்தைத் தாண்டாமல் படியுங்கள்.