படைவீரனின் தூக்கமும் எங்களுடைய தூக்கமும்: ஓர் இசைத்தட்டும் அதன் இரசிகர்களும்

இந்தப் பக்கங்களில் வழக்கமாகக் கவிதை பற்றியும் நாவல் பற்றியும் அரசியல் பற்றியும் எழுதுகிறவர்கள் நாங்கள். அமெரிக்க மெற்றல் இசைக்குழு ஒன்றின் இசைத்தட்டைப் பற்றி இங்கே எழுத வருவது சில வாசகர்களுக்கு விசித்திரமாகப் படலாம். 'அந்தக் காட்டுக் கூச்சலுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்கக்கூடியவர்களை நான் அறிவேன். ஒரு வருடத்துக்கு முன் நானும் அப்படிக் கேட்டிருப்பேன். ஊரில் விரிவுரையாளனாக இருந்தவன், இப்போது நியூ ஜேர்சியில் போத்தல் மூடி வார்க்கும் பக்டறி ஒன்றில் இரவு வேலை செய்கிறவன் என்பதைத் தவிர, இதை எழுத எனக்கு வேறு தகுதி கிடையாது. மேற்கத்திய இசையில் பயிற்சி இல்லை. ஆனால் ஒரு படைப்பு வெளிவந்ததும் அதன் இரசிகர்கள் ஏன் இரண்டாக உடைகிறார்கள் என்ற கேள்வி இலக்கியம் கற்பித்தவனுக்கு அந்நியமானதல்ல.

நான் சொல்ல வந்தது 'ட்றீம் தியேற்றர்' என்ற குழுவின் 'பறசோம்னியா' என்ற இசைத்தட்டைப் பற்றி. 2025 பெப்ரவரி 7ஆம் திகதி வெளியானது. எட்டுப் பகுதிகள், எழுபத்தொரு நிமிடங்கள். பறசோம்னியா என்பது தூக்கத்தில் நேரும் கோளாறுகளுக்கு வைத்தியர்கள் வைத்திருக்கும் பொதுப்பெயர். தூக்கத்தில் எழுந்து நடப்பது, அலறுவது, எங்கள் ஊர்ப் பேச்சில் 'பேய் அமுக்கிறது' என்று சொல்வோமே, கண் விழித்தும் கை கால் அசையாமல் கிடப்பது, எல்லாம் இதில் அடங்கும். இசைத்தட்டு முழுவதும் இந்த ஒரே விடயந்தான்.

குழுவைப் பற்றி அறியாதவர்களுக்காகச் சில வரிகள். 1985இல் பொஸ்ரன் நகரின் பேர்க்லி இசைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஜோன் பெற்றூச்சி, ஜோன் மியுங், மைக் போட்னோய் என்ற மூன்று லோங் ஐலண்ட் இளைஞர்கள் தொடங்கியது. 'புறோகிறெசிவ் மெற்றல்' என்று இவர்களுடைய இசைவகையைச் சொல்கிறார்கள். எங்கள் பாஷையில் விளங்கப்படுத்துவதானால், மெற்றல் இசையின் கனத்தோடு தாளக் கணக்கைச் சேர்த்தது எனலாம். சாதாரண றொக் இசை நாலு நாலாக எண்ணிக்கொண்டு போகும். இவர்கள் ஐந்துக்கும் ஏழுக்கும் ஒன்பதுக்கும் தாவுவார்கள். கண்டம், மிஸ்ரம், சங்கீர்ணம் என்று கோயில் வீதியில் கேட்டு வளர்ந்த காதுக்கு இது முதலில் தோன்றுமளவுக்கு அந்நியமானதல்ல. 1999இல் வெளியான இவர்களுடைய ஓர் உருப்படியில் ஆறு நிமிடத்துக்குள் நூறு தடவைக்கு மேல் தாளம் மாறுகிறது என்கிறார்கள். நான் எண்ண முயன்று கைவிட்டேன்.

இந்த இசைத்தட்டைப் பற்றிய சண்டையை நான் முதலில் கேட்டது வேலைத்தலத்தில்தான். என்னோடு இயந்திரத்தில் நிற்கும் ஒருவர், என் வயதுக்காரர், லோங் ஐலண்டில் பிறந்தவர். தொண்ணூறுகளிலேயே இக்குழுவைச் சிறு மண்டபங்களில் பார்த்தவர். இன்னொருவன் இருபத்தைந்து வயது இளைஞன். இரவு இரண்டு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளையில் இருவரும் வாதிடத் தொடங்கினால் மணி அடிக்கும்வரை ஓயமாட்டார்கள்.

வாதத்தின் வேர் ட்றம்ஸ் வாசிப்பவர்தான். ஆரம்பகர்த்தாக்களில் ஒருவரான போட்னோய் 2010 செப்ரெம்பரில் குழுவை விட்டுப் போனார். சிறிது காலம் ஓய்வெடுப்போம் என்று அவர் கேட்டார், மற்றவர்கள் உடன்படவில்லை. அவருடைய இடத்துக்கு வந்த மைக் மன்ஜீனி அதே பேர்க்லி கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு வந்தார். பதின்மூன்று வருடங்களில் ஐந்து இசைத்தட்டுகள் வாசித்தார். குழுவுக்கு முதல் கிறமி விருது 2022இல் கிடைத்ததும் அவர் வாசித்த பாடலுக்குத்தான். 2023 ஒக்ரோபரில் போட்னோய் திரும்பி வருகிறார் என்று அறிவித்தார்கள். மன்ஜீனி கசப்பின்றி ஓர் அறிக்கை விட்டு விலகிக்கொண்டார்.

போட்னோய் திரும்பிய பின் வந்த முதல் இசைத்தட்டு இது. என் வயதுக்காரருக்கு இது வீடு திரும்பல். 'குழுவின் மூச்சு திரும்பி வந்துவிட்டது' என்பது அவருடைய கட்சி. பதின்மூன்று வருடமும் ஒரு கணித வாத்தியார் வாசித்ததைப் போல இருந்ததாம். இளைஞன் விடமாட்டான். அவன் இந்தக் குழுவை அறிந்ததே மன்ஜீனியின் காலத்தில். 'பதின்மூன்று வருடம் பாரம் சுமந்தவனை ஒரே நாளில் அழித்துவிட்டீர்கள். புதிய தட்டில் புதிதாக என்ன இருக்கிறது? பழைய சட்டையைத் தோய்த்துப் போட்டிருக்கிறார்கள்' என்பான். பாடகர் ஜேம்ஸ் லப்ரீயின் குரல் தளர்ந்துவிட்டது, இயந்திரத்தால் ஒப்பனை செய்திருக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டும் உண்டு. மன்ஜீனிக்காக எனக்கும் சற்று நெஞ்சு இளகியது. விரிவுரையாளர் வேலையை விட்டுவிட்டு வந்தவன் அல்லவா.

இக்குழுவின் இரசிகர்கள் இப்படிப் பிரிவது இது முதல் தடவையல்ல. 1997இல் கொம்பனியின் நெருக்குதலால் வானொலிக்கு ஏற்றமாதிரிச் சில பாடல்களை இலகுவாக்கியபோது 'விலைபோய்விட்டார்கள்' என்றார்கள். 2016இல் இரண்டு தட்டுகளில் ஒரு நீண்ட இசைநாடகத்தைச் செய்தபோது 'அளவு மீறிவிட்டார்கள்' என்றார்கள். இப்போது பழையபடி செய்ததும் 'பழையபடி செய்கிறார்கள்' என்கிறார்கள். மாறினாலும் குற்றம், மாறாவிட்டாலும் குற்றம். ஆனால் இதைச் சொல்லி இரசிகர்களை நையாண்டி செய்வது என் நோக்கமல்ல. அவர்கள் எதைக் கேட்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்ற பிறகு நாங்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேப் றெக்கோடரை ஓடவைத்துப் பாட்டுக் கேட்டவர்கள். சுற்றுகிறவன் களைத்தால் பாடகரின் குரல் இழுபடும், புதியவன் வந்து வேகமாகச் சுற்றினால் நிமிரும். அந்தப் பாடல்களை இன்று சுத்தமான ஒலியில் கேட்கையில் ஏதோ பிழைத்த மாதிரி இருக்கிறது. பாட்டில் பிழையில்லை. எனக்கு வேண்டியது பாட்டல்ல. சைக்கிளைச் சுற்றிய அந்த இருபது வயது. அதை எந்தப் பாடகராலும் திருப்பித் தர முடியாது. என் வயதுக்காரர் போட்னோயிடம் கேட்பதும் இதைத்தான். இளைஞன் மன்ஜீனிக்காக அழுவதும், அவனுக்கு வயது குறைவென்றாலும், இதைத்தான். எங்கள் ஒன்றுகூடல்களில் எண்பதுகளின் பாடல்களைத் தவிர வேறெதற்கும் கை தட்டாதவர்களும், 'நீர் முந்தி எழுதின மாதிரி இப்ப எழுதிறதில்லை' என்று எழுத்தாளரைக் கடிந்துகொள்கிறவர்களும் வேறு எதைக் கேட்கிறார்கள்?

இரசனை என்றால் இப்படித்தான் இருக்கவேண்டுமென்று இல்லை. தவில் மேதை தெட்சணாமூர்த்தி (1933–1975) வாசித்த இரவுகளைப் பற்றி என் தகப்பனார் ஓயாமல் சொல்லுவார். விடிய விடிய மேளச்சமாவுக்கு நின்ற சனம் நேற்று வாசித்ததை இன்றும் வாசிக்கவேண்டுமென்று நிற்கவில்லையாம். இன்றைக்கு என்ன செய்யப்போகிறார் என்றுதான் நின்றதாம். தகப்பனாரின் சொல்லிலும் நினைவின் சீனி கொஞ்சம் கலந்திருக்கலாம். ஆயினும் அந்த எதிர்பார்ப்பு ஒரு நல்ல அளவுகோல் என்றே எனக்குப் படுகிறது.

அந்த அளவுகோலால் 'பறசோம்னியா'வை அளந்தால் என் மதிப்பீடு கலப்பானது. 'மிட்னைற் மெசையா' என்ற பாடலைப் போட்னோய் எழுதியிருக்கிறார். குழுவின் பழைய பாடல்களை நினைவூட்டும் சொற்கள் அதில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பழைய இரசிகருக்கு அது கண்சிமிட்டல். எனக்கு அது தன் முதுகைத் தானே தட்டிக்கொள்வதாகத் தோன்றியது. தூக்கத்தில் துணையைக் கொன்றுவிடும் ஒருவனைப் பற்றிய பாடல், பயங்கரத்தைச் சற்று இரசித்துச் சொல்கிறது. மாறாக 'பென்ட் த குளொக்' என்ற மெதுவான பாடலில், இறுதியில் பெற்றூச்சியின் கிற்றார் எதையும் நிரூபிக்க முயலாமல் பாடுகிறது. இரவு வேலை முடிந்து காரில் வரும்போது அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

என் பிரதான ஆட்சேபம் இது. கெட்ட கனவு என்பது மனிதன் தன் பிடியை இழக்கும் இடம். அதை, ஒரு கணமும் பிடி தவறாத கைகள் வாசிக்கின்றன. கடைசிப் பாடல் பத்தொன்பது நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. அதில் ஓர் இடத்திலாவது யாராவது தடுமாறமாட்டார்களா என்று காத்திருந்தேன். இதைச் சொன்னபோது என் மகன் ஒத்துக்கொள்ளவில்லை. 'பிடி இருந்தால்தானே அப்பா அதை நின்று பார்க்கலாம்? இல்லாட்டி ஓடத்தானே வேணும்' என்றான். யோசிக்கவேண்டிய பதில். என் ஆட்சேபத்தை அது முற்றாகக் கரைக்கவில்லை, ஆனால் பாதியாக்கிவிட்டது.

இந்த இசைத்தட்டை என்னிடம் தந்தவனும் அவன்தான். இருபத்திரண்டு வயது. ஒருநாள் விடிய நான் வேலையால் வந்திருக்க, காதில் மாட்டும் கருவியைக் கழற்றி என்னிடம் நீட்டி, 'அப்பா, இதைக் கேளுங்கோ. நீங்கள் நித்திரையிலை கத்துறதைப் பற்றின பாட்டு' என்றான். நான் கத்துவது அவனுக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. மனைவி ஒருநாளும் சொன்னதில்லை. 1995 ஒக்ரோபர் முப்பதாம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து நடந்தவன் நான். அந்த நடையை இன்னும் முடிக்கவில்லைப் போலும்.

அவன் காட்டிய பாடல் 'எ புறோக்கின் மான்'. போரிலிருந்து திரும்பிய படைவீரனின் உறக்கமற்ற இரவுகளைப் பற்றியது. நேர்மையான பாடல். ஆனால் கேட்டு முடித்ததும் எனக்குள் எழுந்தது ஒரு கோபம். இது சுட்டவனின் தூக்கம். சுடப்பட்ட ஊரின் தூக்கம் எங்கே? மனவடு சார்ந்த நெருக்கீட்டு நோய்க்கு அமெரிக்க உளமருத்துவக் கையேட்டில் 1980இல் பெயர் கிடைத்ததற்கே வியட்நாமிலிருந்து திரும்பிய படைவீரர்களின் போராட்டம் பெரிய காரணம். அவர்கள் போராடியது நியாயம். ஆயினும் அதே போரில் குண்டு விழுந்த கிராமத்து விவசாயியின் இரவைப் பற்றி யாரும் அவ்வளவு சத்தமாகப் பேசவில்லை. எங்கள் பக்கத்தில் உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 1998இல் வெளியான தம் ஆங்கில நூலுக்கு வடுப்பட்ட மனங்கள் என்ற பொருளில் தலைப்பிட்டு, சாதாரண சனத்தின் வடுக்களைப் பதிவு செய்தார். அது மருத்துவ எழுத்து. கலை அந்த இடத்துக்கு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது?

இங்கேதான் என் கோபம் என் பக்கம் திரும்புகிறது. லோங் ஐலண்ட்காரர்கள் தங்கள் நாட்டுப் படைவீரனைப் பாடினார்கள். வலிகாமத்துக்காரனை ஏன் பாடவில்லை என்று அவர்களைக் கேட்பது அபத்தம். அதைக் கேட்கவேண்டியது எங்களைத்தான். போரைப் பற்றி எழுதினோம், சாவைப் பற்றி எழுதினோம், பனிக்குளிரைப் பற்றி அலுக்கும்வரை எழுதினோம். முப்பது வருடத்துக்குப் பிறகும் ஒரு தகப்பன் நித்திரையில் அலற, மற்ற அறையில் பிள்ளை விழித்துக் கிடக்கும் அந்த இரவைப் பற்றி எழுதியவை மிகக் குறைவு என்பது என் அபிப்பிராயம். ஏன் குறைவு? அது வெட்கம். தியாகம் பற்றிப் பேச எங்களுக்கு வசனம் உண்டு, வீரம் பற்றி உண்டு. பயந்துபோன ஒரு மனிதன் இன்னும் பயந்தபடியே இருக்கிறான் என்று சொல்ல வசனம் இல்லை. பழைய பாட்டைத் திரும்பக் கேட்கும் எங்கள் பழக்கமும் இந்த வெட்கத்துக்கு ஒரு போர்வையோ என்று சந்தேகிக்கிறேன்.

பாட்டு முடிந்ததும் மகன் ஒன்று கேட்டான். 'நீங்கள் கத்தேக்கை எழுப்பிறதோ, விடுறதோ? சின்னனிலை இருந்து எனக்கு அது தெரியாது.' அத்தனை வருடமும் அவன் கதவுக்கு வெளியே நின்றிருக்கிறான். எழுப்பு என்றேன். அதற்குப் பிறகு மூன்று தடவை எழுப்பியிருக்கிறான்.

இசை என்ற அளவில் 'பறசோம்னியா' ஓர் உயர்ந்த படைப்பு என்று நான் வாதிடவில்லை. மன்ஜீனி காலத்துத் தட்டுகளையும் இப்போது கேட்டு வருகிறேன். இளைஞனின் கட்சியில் நியாயம் இருக்கிறது. ஆனால் மேசையில் பேச முடியாத ஒன்றை எங்கள் வீட்டில் மேசைக்குக் கொண்டுவந்தது இந்தத் தட்டு. எங்கள் எழுத்துகளில் அப்படிச் செய்தவை எவை என்று வாசகர்கள் சுட்டிக்காட்டினால், என் அபிப்பிராயம் தவறென்று மகிழ்ச்சியோடு ஒத்துக்கொள்வேன்.