காயமுற்ற நகரம்: துயரை ஆராயப் பொருள் வேண்டுமா?

2001ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் நியூயார்க் நகரின் இரட்டைக் கோபுரங்கள் பயங்கரவாதிகளால் தகர்க்கப்பட்டன. அந்நகரில் மட்டும் 2,753 பேர் மாண்டனர். அவருள் 343 பேர் தீயணைப்புத் துறையினர். வேலையிழந்தோர்க்கும் ஆதரவிழந்த குடும்பங்களுக்கும் பணம் தேவைப்பட்ட அவ்வேளையில், சமூகவியல் அறிஞர்க்கு ஆராய்ச்சிப் பொருள் வழங்குதல் தகுமா? இவ்வினா எழுதல் இயல்பே. இதற்கு விடையாக அமைந்துள்ளது, நான்சி போனர் பதிப்பித்த ‘காயமுற்ற நகரம்’ என்னும் ஆங்கில நூல்.

1907இல் தோன்றிச் சமூக ஆராய்ச்சிக்கென்றே பொருள் வழங்கிவரும் ரசல் சேஜ் அறநிறுவனம், தாக்குதலின் பின்விளைவுகளை ஆராய முன்வந்தது. அதன் பயனாக 2005இல் மூன்று தொகுப்பு நூல்கள் வெளிவந்தன. ஒன்று நகரின் பொருளாதாரத்தையும், மற்றொன்று மறுசீரமைப்பின் அரசியலையும் ஆராய்கின்றன. இந்நூலோ மக்களின் வாழ்க்கையை ஆராய்கிறது.

நகர மக்கள் அனைவர்க்கும் துயரம் ஒரே தன்மையது என்று கொள்ளாமையே இந்நூலின் முதற்சிறப்பு. பெல் ஹார்பர் என்னும் கடலோரக் குடியிருப்பில் தீயணைப்பு வீரர் குடும்பங்கள் பல இருந்தன. அவற்றின் கண்ணீர் உலருமுன், அதே ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் அங்கு ஒரு விமானம் விழுந்து 265 பேர் இறந்தனர். அது விபத்தே, எனினும் ஒரே ஊர் இருமுறை அடிபட்டது. டாக்சி ஓட்டுநரின் நிலை வேறு. அவருள் தெற்காசியர் பலர். வருவாயும் குறைந்தது, தோற்றத்தைக் கண்டு ஐயுற்றோரின் பகையும் சேர்ந்தது.

சீனர் வட்டாரத்துத் தையற்தொழிலாளரின் கதை இவற்றினும் படிப்பினை மிக்கது. தெருக்கள் அடைக்கப்பட்டமையால் சரக்கு வண்டிகள் வர இயலவில்லை, தையற்கூடங்கள் முடங்கின. உதவித் திட்டங்கள் சிலவோ கெனால் தெருவை எல்லையாக வகுத்துக்கொண்டு, அதற்குத் தெற்கே இருந்தோரையே பாதிக்கப்பட்டோராகக் கருதின. சீனர் வட்டாரம் அத்தெருவின் இருபுறமும் பரந்து கிடப்பது. வரைபடத்தில் இட்ட ஒரு கோடு, துன்புற்றோரையே துன்புறாதோர் ஆக்கிவிட்டது! இத்தகைய பிழையைக் கண்டுணர்த்துவது யார்? வீடு வீடாகச் சென்று வினவும் ஆராய்ச்சியாளரே. ஆகவே அவர்க்கு அளித்த பொருள், ஏழையின் பங்கிலிருந்து பறித்தது அன்று. ஏழையின் பங்கு அவனிடம் சேர வழிகாட்டுவது.

எனினும் குறைகளும் உள. கட்டுரைகள் தனித்தனி அறிஞரால் எழுதப்பட்டமையால், ஒரு சமூகத்தின் நிலையை மற்றொன்றோடு ஒப்பிடும் பணி பெரிதும் படிப்போர்க்கே விடப்பட்டுள்ளது. இதனினும் பெரிய குறை காலத்தைப் பற்றியது. நூல் வெளிவந்த 2005இல், உதவி யாருக்கு என்பது பெரும்பாலும் முடிவாகிவிட்டிருந்தது. மறுபுறம், இடிபாட்டுத் தூசியால் விளைந்த நோய்கள் பல அதன்பின்னரே வெளிப்பட்டன. அவ்வகையில் இவ்வாராய்ச்சி காலம் தாழ்த்தி வந்து, காலத்துக்கு முன்னே முடிந்துவிட்டது.

இதற்கு மாற்றாக இரு முயற்சிகளைக் காட்டலாம். கொலம்பியா பல்கலைக்கழகத்தார் சில வாரங்களிலேயே மக்களின் வாய்மொழியைப் பதிவு செய்யத் தொடங்கினர். பின்னர் அவருள் பலரை மீண்டும் சென்று கண்டனர். 2003இல் தொடங்கிய உடல்நலப் பதிவேடு 71,000 பேருக்கு மேற்பட்டோரைச் சேர்த்து, பல்லாண்டுகள் அவர்தம் நிலையை வினவியது.

பேரிடரை ஆராயப் பொருள் வழங்குவோர் இதனை உணர்தல் வேண்டும். உதவி பங்கிடப்படுமுன் ஒருமுறையும், உலகம் அத்துயரை மறந்தபின் ஒருமுறையும் பொருள் அளித்தல் கடமை. இக்குறையோடும் ‘காயமுற்ற நகரம்’ படிக்கத் தக்க நூலே. இறந்தோரின் தொகையை எவரும் வகுப்பில் கூறலாம். எஞ்சியோர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதைக் கூற விழையும் ஆசிரியர்க்கு இந்நூல் பெருந்துணை செய்யும்.