ஒரு பட்டியலும் சில நீக்கங்களும்

க.நா.சு. பட்டியல் போடுகிறார் என்பது அவர்மீது வைக்கப்பட்ட பழைய குற்றச்சாட்டு. பத்துப் பெயர்களை வரிசையாக எழுதிவிட்டால் அது விமர்சனம் ஆகிவிடுமா என்று கேட்டார்கள். நானும் கேட்டவன்தான். சென்ற கோடையில் மூன்று வாரம் ஒரு பட்டியலோடு மல்லுக்கட்டிய பிறகு அந்தக் கேள்வியை அவ்வளவு சுலபமாகக் கேட்க வாய் வரவில்லை. பட்டியலில் இருக்கும் பெயர்கள் பேசாமல் உட்கார்ந்திருக்கின்றன. விடுபட்டவைதான் காரணம் கேட்கின்றன.

என் அண்ணன் மகள் அமெரிக்காவில் பள்ளி ஆசிரியை. அங்கே பல உயர்நிலைப் பள்ளிகளில் 11ஆம் வகுப்பில் அமெரிக்க இலக்கியம், கடைசி வருஷமான 12ஆம் வகுப்பில் பிரிட்டிஷ் இலக்கியம் என்று ஒரு ஏற்பாடு. இவ்வருஷம் அந்தக் கடைசி வகுப்பு அவள் தலையில் விழுந்தது. 180 நாட்கள், அதாவது 36 வாரங்கள். நாளைக்கு ஒரு பீரியட், முக்கால் மணி நேரம். மாணவர்களுக்கு 17, 18 வயது. திட்டம் ஒன்று போட்டு எனக்கு அனுப்பி, 'சித்தப்பா, ஒரு பார்வை பாருங்க' என்றாள். பார்த்தேன். பிறகு இரண்டு பேரும் தொலைபேசியில் போட்ட சண்டையின் மிச்சம்தான் இந்தக் கட்டுரை.

அவள் திட்டம் தப்பென்று யாரும் சொல்ல மாட்டார்கள். 'பெயோவுல்ஃப்' மூன்று வாரம், சாஸர் மூன்று வாரம், 'மக்பெத்' ஆறு வாரம், மெடஃபிசிகல் கவிகள் இரண்டு வாரம், மில்டன், ஸ்விஃப்ட், ரொமாண்டிக் கவிகள், விக்டோரியர்கள் என்று காலவரிசையில் இறங்கி வந்து, மே மாதக் கடைசியில் இரண்டு வாரத்தில் இருபதாம் நூற்றாண்டு முழுவதும். நாவல் என்று முழுசாக ஒன்றுமில்லை. சில பக்கங்கள் மட்டும். ஆயிரம் பக்கத்துக்கு மேல் கனக்கும் ஒரு தொகைநூல் இருக்கிறது. அதன் பொருளடக்கத்தை நாட்காட்டியில் ஏற்றியிருக்கிறாள், அவ்வளவுதான். தேர்வு செய்தது அவளல்ல, அந்தப் புத்தகம். அந்தப் புத்தகமும் தேர்வு செய்யவில்லை. ஒன்றையும் விட்டுவிடாமல் இருந்திருக்கிறது. விடத் துணியாத இடத்தில் ரசனைக்கு வேலை இல்லை.

இந்த வழக்கத்துக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1874இல் ஹார்வர்ட், நுழைவுத் தேர்வுக் கட்டுரைக்கென்று சில நூல்களைக் குறித்துக் கொடுத்தது: ஷேக்ஸ்பியரின் மூன்று நாடகங்கள், கோல்ட்ஸ்மித்தின் நாவல், ஸ்காட்டின் இரண்டு நூல்கள். அமெரிக்கனின் எழுத்து ஒன்றுகூட இல்லை. மற்றக் கல்லூரிகளும் இப்படிப் பட்டியல் போட, 1894 வாக்கில் அவற்றை ஒருமுகப்படுத்தும் முயற்சிகள் நடந்தன. பள்ளிகள் அந்தப் பட்டியலுக்குக் கட்டுப்பட்டன. 1911இல் ஆங்கில ஆசிரியர்களின் தேசியச் சங்கம் சிகாகோவில் உருவானதற்கு உடனடிக் காரணமே இந்த நிர்ப்பந்தத்தின் மீதிருந்த எரிச்சல்தான். கல்லூரிப் பட்டியல்கள் போய்விட்டன. அவை விட்டுப்போன பழக்கம் போகவில்லை.

அமெரிக்கர்களைப் பார்த்துச் சிரிக்க நமக்கு யோக்யதை கிடையாது. ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கில இலக்கியத்துக்கென்று தனித் துறை ஏற்பட்டது 1894இல். அதற்கு வெகு முன்பே இந்தியக் கல்லூரிப் பையன்கள் மில்டனிலும் ஷேக்ஸ்பியரிலும் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார்கள். இது ஆட்சியின் தேவையோடு எப்படிப் பிணைந்திருந்தது என்பதை கௌரி விஸ்வநாதன் 1989இல் வந்த தன் புத்தகத்தில் விரிவாகக் காட்டியிருக்கிறார். இந்தப் பாடத்தில் நாமெல்லாம் சீனியர் மாணவர்கள்.

என் சொந்த விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். 1974இல் புகுமுக வகுப்பில் 'ரொமாண்டிக் கவிதையின் இயல்புகள்' என்ற கேள்விக்கு நாலு பக்கம் எழுதினேன். இயற்கை, கற்பனை, தனிமனித உணர்வு, கிராமத்தான் பாஷை என்று தலைப்புப் போட்டு அடிக்கோடிட்டேன். நல்ல மார்க் கிடைத்தது. அதுவரை வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதை ஒன்றையாவது, நோட்ஸின் துணை இல்லாமல், ஆரம்பத்திலிருந்து முடிவுவரை நான் படித்திருக்கவில்லை. கவிதை எனக்கு ஒரு சாட்சி. கூண்டில் ஏறி 'ஆமாம், நான் ரொமாண்டிக்தான்' என்று சொல்லிவிட்டு இறங்கிவிட வேண்டும். அந்த நாலு பக்கத்தை மறக்க எனக்கு எட்டு வருஷம் பிடித்தது. அதே நாலு பக்கத்தை ஒஹையோவில் ஒரு பையன் எழுதப்போகிறான் என்பதுதான் என்னைக் கோபப்படுத்தியது. அண்ணன் மகளிடம் சற்று அதிகமாகவே கோபப்பட்டேன்.

காலவரிசை என்பது ஏதோ இயற்கை நியதி போலவும் மற்ற எல்லா வரிசையும் ஆசிரியரின் கிறுக்கு போலவும் ஒரு எண்ணம். 'பெயோவுல்ஃபை' எடுத்துக்கொள்ளுங்கள். 3,182 வரிகள், உலகத்தில் ஒரே ஒரு சுவடி, 1731இல் நடந்த தீவிபத்தில் ஓரம் கருகிப் பிழைத்தது. முழுசாக அச்சேறியது 1815இல், அதுவும் கோபன்ஹேகனில். கதை நடப்பது டென்மார்க்கிலும் தெற்கு ஸ்வீடனிலும். சாஸரோ ஷேக்ஸ்பியரோ மில்டனோ இதைப் படித்ததற்குத் தடயமில்லை. ஆனால் பாடநூல் இதை அடிமரமாக வைத்து, மற்றவர்களைக் கிளைகளாக வரைகிறது. புறநானூறு 1894இல் அச்சேறியதை அறிந்த நமக்கு இந்த வித்தை புதிதல்ல. இடையில் படிக்கப்படாமல் கிடந்த காலத்தைத் துடைத்துவிட்டால் பாரம்பரியம் இடைவெளியில்லாமல் ஜொலிக்கும்.

டன்னின் கதை இன்னும் சுவாரசியம். ஜான்ஸன் அந்தக் கூட்டத்துக்கு 'மெடஃபிசிகல்' என்று பெயரிட்டது பாராட்டாக அல்ல. 1861இல் பால்கிரேவ் தொகுத்த 'கோல்டன் ட்ரெஷரி'யின் முதல் பதிப்பில் டன் கிடையாது. 1912இல் க்ரியர்சனின் பதிப்பு, 1921இல் அவருடைய தொகுப்பு, அதே வருஷம் அதற்கு எலியட்டின் மதிப்புரை. அதன் பிறகுதான் டன் நமக்குக் கிடைத்த டன். மாணவனிடம் இதைச் சொன்னால் என்ன கெட்டுவிடும்? இலக்கியத்தில் இடம் என்பது யாரோ சிலர் படித்து, வாதாடி, பெற்றுத் தருவது என்பது அவனுக்குப் புரியும். நாளைக்குத் தானும் வாதாடலாம் என்று தோன்றும். பாடநூலில் டன் என்னவோ 1631இல் செத்ததிலிருந்து அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவர் போல இருக்கிறார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பேச்சுவாக்கில் அவள் ஒன்று சொன்னாள். பள்ளி உணவுக்கூடத்தில் ராணுவத்துக்கு ஆள் சேர்ப்பவர்கள் ஒரு மேஜை போட்டு உட்கார்வார்களாம். பேனா, டீ-ஷர்ட், சாவிக்கொத்து எல்லாம் இனாம். 2002இல் கையெழுத்தான கல்விச் சட்டத்திலிருந்தே, மத்திய அரசின் பணம் பெறும் பள்ளிகள் இவர்களை உள்ளே விட்டாக வேண்டும். பெற்றோர் ஆட்சேபித்தாலொழிய மாணவர்களின் பெயர், தொலைபேசி எண்களையும் கொடுக்க வேண்டும். அவள் வகுப்பில் வருஷா வருஷம் இரண்டு மூன்று பையன்கள் சேர்கிறார்கள். கல்லூரிச் செலவுக்கு வழியில்லாதவர்கள் பெரும்பாலும்.

'வில்ஃப்ரட் ஓவன் உன் திட்டத்தில் எப்போது வருகிறான்?' என்று கேட்டேன்.

'மே கடைசியில. ஒரு நாள்.'

மே கடைசியில் அந்த வகுப்பில் யாரும் எதையும் கேட்பதில்லை என்று அவளே முன்பு சொல்லியிருக்கிறாள். கல்லூரி அனுமதி வந்தாகிவிட்டது, பட்டமளிப்பு அங்கிக்கு அளவு கொடுத்தாகிவிட்டது. சேர்கிறவன் அதற்குள் கையெழுத்தும் போட்டிருப்பான். 25 வயதில், போர் நிற்க ஒரு வாரம் இருக்கும்போது செத்துப்போன ஒரு கவிஞன், 18 வயதுக்காரர்கள் முன்னால் காலம் கடந்து வந்து நிற்கிறான். காலவரிசையின் பெயரால் நடக்கும் அபத்தம் இது.

ஓவனை செப்டம்பர் முதல் வாரத்துக்குக் கொண்டுவா என்றேன். ஒரு நாளல்ல, மூன்று வாரம். அவன் கையெழுத்துப் பிரதிகள் இருக்கின்றன. 1917இல் மருத்துவமனையில் சஸூனோடு இருந்தபோது எழுதிய ஒரு கவிதையில் சஸூனின் திருத்தங்களைப் பார்க்க முடிகிறது. ஒரு சொல் அடிக்கப்பட்டு இன்னொன்று ஏறுவதைக் கண்ணால் பார்ப்பவனுக்கு, கவிதை வானத்திலிருந்து விழுவதில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டாம். 'துல்சே எத் தெகோரும் எஸ்ட்' கவிதையின் ஒரு வரைவை அவன் ஜெஸ்ஸி போப்புக்கு முகவரியிட்டிருக்கிறான். இளைஞர்களைப் போருக்கு அழைத்துச் செய்யுள் எழுதிப் பத்திரிகையில் வெளியிட்டுக்கொண்டிருந்த பெண்மணி. அவருடைய செய்யுள் ஒன்றையும் பக்கத்தில் வைத்து, பெயர்களை மறைத்துவிட்டுப் படிக்கச் சொல்ல வேண்டும். எது நன்றாக இருக்கிறது, ஏன் என்று அவர்களே சொல்லட்டும். சிலருக்கு போப்பின் துள்ளல் ஓசைதான் பிடிக்கும். பிடிக்கட்டும். அங்கிருந்துதான் ஆரம்பிக்க முடியும்.

பிறகு 'பெயோவுல்ஃப்'. அந்தக் கவிதையின் கடைசிச் சொல்லே வீரனின் புகழ்வேட்கையைக் குறிப்பது. ஓவனைப் படித்துவிட்டு வருகிறவன் காதில் அது வேறு மாதிரி விழும். பிறகு 'மக்பெத்'. அவன் மேடைக்கு வருவதற்கு முன்பே, ஒருவனை வாளால் கிழித்தெறிந்ததற்காகப் பாராட்டப்படுகிறான். கொல்வதில் கெட்டிக்காரன் என்பதால்தான் பதவி உயர்வு. அரண்மனைக்குள் அதே காரியத்தைச் செய்ததும் குற்றம் ஆகிறது. நாடகம் இந்த இடுக்கில்தான் நிற்கிறது. பேராசை என்ற ஒரே சொல்லில் பாடநூல் அதை மூடிவிடுகிறது. ஷேக்ஸ்பியரை விடவும் முடியாது. பல மாநிலங்கள் 2010 முதல் ஏற்ற பொதுத் தரங்கள் அவரைப் பெயர் சொல்லியே கேட்கின்றன.

நீக்கங்கள். ட்ரைடன், போப், டென்னிஸன் போனார்கள், எனக்கு வருத்தமில்லை. எலியட்டை நீக்கச் சொன்னபோது எனக்கே வலித்தது. இந்தப் பக்கங்களின் வாசகர்களுக்கு ஏன் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் ஸெயின்ட் லூயிஸில் பிறந்தவரை முந்திய வருஷம் அமெரிக்கராகப் படித்துவிட்டு வரும் மாணவனுக்கு, 1927இல் அவர் பிரஜாவுரிமை மாற்றிக்கொண்டார் என்பதற்காக மறுபடி பரிமாற வேண்டியதில்லை. வேர்ட்ஸ்வொர்த்தில் ஒரே கவிதை, டாஃபடில் பூக்கள். கூடவே 1802 ஏப்ரலில் அதே நடையைப் பற்றித் தங்கை டாரதி எழுதிய நாட்குறிப்பு. அவள் கூட நடந்திருக்கிறாள், அவள் பார்த்திருக்கிறாள், கவிதையில் அவன் தனியாள். இந்த நீக்கத்தைப் பற்றி ஒரு வாரம் பேசலாம்.

நாவலுக்கு எங்கே நேரம் என்றாள். அப்போதுதான் அந்தக் கணக்கு எனக்கு உறைத்தது. டிக்கன்ஸ் தன் வாரப் பத்திரிகையில் ஓடிக்கொண்டிருந்த வேறொருவரின் தொடர் விற்பனையைக் குறைக்க, அதைத் தூக்கி நிறுத்த 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸை' 1860 டிசம்பர் 1 முதல் 1861 ஆகஸ்ட் 3 வரை எழுதினார். 36 தவணைகள். உன் வருஷம் 36 வாரம். வெள்ளிக்கிழமை தோறும் ஒரு தவணை. அடுத்தது அடுத்த வெள்ளிதான். அமெரிக்காவில் 'ஹார்ப்பர்ஸ் வீக்லி'யில் அன்றைய வாசகர்கள் அப்படித்தான் படித்தார்கள். தொடர்கதையைத் திட்டியே வயிறு வளர்த்த சிறுபத்திரிகைக்காரன் நான், இதைச் சிபாரிசு செய்கிறேன் என்பதில் உள்ள ஹாஸ்யம் எனக்கும் தெரிகிறது. கடைசி வாரத்துக்கு இரண்டு முடிவுகள் இருக்கின்றன: நண்பர் லிட்டனின் பேச்சைக் கேட்டு அச்சில் போட்ட முடிவு, ஃபார்ஸ்டர் 1874இல் வெளியிட்ட முதல் முடிவு.

அவள் சும்மா கேட்டுக்கொண்டிருக்கவில்லை. 'உங்களுக்கு எது முன்னால எது பின்னாலன்னு தெரியும், அதனால கலைச்சுப் போட ஆசையா இருக்கு. இந்தப் பசங்களுக்கு ஷேக்ஸ்பியர் முன்னாலயா டிக்கன்ஸ் முன்னாலயான்னே தெரியாது. முதல்ல ஒரு சுவர் வேணும், சித்தப்பா, ஆணி அடிக்க' என்றாள். பதில் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. சுவரில் ஒரு காலக்கோட்டை வரைந்து ஒட்டிக்கொள் என்றேன். அது முழுப் பதில் இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

மில்டனில் நான் தோற்றேன். நேரமில்லை, நீக்கு என்றேன். சாத்தானைப் பார்க்காமல் ஒருத்தனும் என் வகுப்பை விட்டுப் போகக் கூடாது என்றாள். முதல் புத்தகம் மட்டும் தங்கியது.

துறைத் தலைவரின் கத்தரிக்குப் பிறகு மிஞ்சியது பாதிதான். ஓவன் செப்டம்பரில் நின்றான். வெள்ளிக்கிழமை டிக்கன்ஸ் நின்றார். மற்றது பழைய வரிசை. ஓவன் முடிந்த அன்று, முந்திய வாரம் அந்த மேஜையில் படிவம் வாங்கி வந்திருந்த பையன் ஒருவன் கேட்டானாம்: இவ்வளவு தெரிந்தவன் 1918இல் ஏன் திரும்பப் போனான்? போகாமல் இருந்திருக்கலாமே?

நியாயமான கேள்வி. ஓவன் திரும்பப் போனது மட்டுமல்ல, அக்டோபர் சண்டையொன்றுக்காக மிலிட்டரி கிராஸும் அவனுக்கு உண்டு. தன் ஆட்களை நடத்திச் செல்லவும், அவர்கள் படுவதை அருகிருந்து பார்த்துச் சொல்லவும்தான் வந்தேன் என்று தாயாருக்கு எழுதியிருக்கிறான். அவன் கவிதையைப் போர் எதிர்ப்புத் துண்டுப் பிரசுரமாக ஆக்கிக்கொண்டு நான் தொலைபேசியில் பேசிய பேச்சில் இந்த விஷயம் வரவே இல்லை. நானும் ஓவனைச் சாட்சிக் கூண்டில்தான் ஏற்றியிருக்கிறேன், என் வழக்குக்காக. பையன் இறக்கிவிட்டான். கடிதங்களையும் சேர்த்து இன்னும் ஒரு வாரம் எடுத்துக்கொள் என்று எழுதினேன். வாரம் ஏது, சாஸரில்தான் எடுக்க வேண்டும் என்று பதில் வந்தது.

அடுத்த வருஷத் திட்டம் நேற்று வந்திருக்கிறது. சாஸருக்கு ஒரு வாரம் குறைந்திருக்கிறது. மில்டனுக்கு இரண்டாம் புத்தகமும் வேண்டும் என்கிறாள். எதை எடுக்கலாம் என்று ஓரத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறாள். நான் இன்னும் எழுதவில்லை.